கரோக்கே குழுவினருக்கு, பி பிளாக் முதல் மாடியிலிருந்து

எங்கள் அடுக்ககத்துத் தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸப் குழுவின் அட்மின்களுக்கும், பொங்கல் விழாக் குழுவினருக்கும்,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் குழுவில் போட்ட அறிவிப்பைப் படித்தேன். மாதம் ஒருமுறை நடந்துவந்த, பதிவான பின்னணி இசைக்கு மைக்கில் பாடும் கரோக்கே இரவு இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்குமாம். பொங்கல் அன்று மாலை கும்மி, கோலாட்டம், பிள்ளைகள் பாட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'மெகா கரோக்கே' மட்டும் வைக்கப்படுமாம். அதற்காக இன்னொரு ஸ்பீக்கர் வாங்க வீட்டுக்கு 500 ரூபாய் தர வேண்டுமாம். சரி, பதில் எழுதலாம் என்று போனைத் தொட்டால் 'அட்மின்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும்' என்கிறது. அறிவிப்பைப் போட்ட கையோடு வாயையும் அடைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தத் திறந்த மடல். லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா என்றும் பார்த்தேன். அங்கே தண்ணீர் டேங்கர் கணக்கு ஒட்டியிருக்கிறது. பெங்களூரில் அதை மறைத்தவன் உயிரோடு வீடு திரும்ப மாட்டான்.

'இவருக்குப் பாட்டே ஆகாது' என்று பேச்சு கிளம்பும், தெரியும். பாட்டு இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. 1939இல் ஆரம்பித்து இன்றும் நடக்கிற ராமநவமிக் கச்சேரியைக் கேட்க, ஓசூர் ரோட்டு நெரிசலில் நசுங்கிக்கொண்டு சாமராஜப்பேட்டை போய், கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் நாற்காலி கிடைக்காமல் நின்றபடி கேட்டுவிட்டு வருகிற ஆள் நான். பழைய சினிமாப் பாட்டில் ஒரு இடையிசையைக் கேட்டால் படம் எது என்று சொல்லிவிடுவேன். எனக்குப் பிரச்சினை பாட்டு இல்லை. கிளப் ஹவுஸின் கண்ணாடிக் கதவுக்கு நேர் மேலே என் படுக்கையறை ஜன்னல் இருக்கிறது, பிரச்சினை அங்கே ஆரம்பிக்கிறது.

பொருளாளர் அண்ணன், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலிருந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்த ட்ராலி ஸ்பீக்கரை நான் கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறேன். இடுப்பு உயரம், இழுத்துப் போகப் பிடி, கீழே சக்கரம். முகப்பில் இரண்டு வட்டங்கள். ஒரு 'டம்'முக்குச் சிவப்பு எரியும், அடுத்த 'டம்'முக்கு நீலம். மேலே வரிசையாகக் குமிழ்கள்: வால்யூம், பேஸ், ட்ரெபிள், மைக், எக்கோ. கடைசியில் ஒன்று எழுத்து அழிந்துபோய் இருக்கிறது, அதை யாரும் தொடுவதில்லை. கம்பியில்லாத மைக் இரண்டு. ஒன்றுக்கு ஆரஞ்சுப் பஞ்சுத் தொப்பி, இன்னொன்றுக்குப் பச்சை. பச்சை மைக்கின் பேட்டரி மூடி உடைந்து இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறது. பாடுகிறவர் உருகிப்போய் இறுக்கிப் பிடித்தால் அது செத்துவிடும். அந்த மைக்கின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

எக்கோ குமிழ் எப்போது பார்த்தாலும் வலது கோடியில்தான் நிற்கிறது. எக்கோ வைத்தால் சுருதி விலகுவது தெரியாது என்பது உங்கள் நம்பிக்கை. எக்கோ செய்வது என்ன? பாடியதையே சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஆக, ஒரே தடவை விலகிய சுருதியை முதல் மாடிக்காரன் நாலு தடவை கேட்கிறான். அப்புறம் அந்த 'கூ' சத்தம். மைக்கை ஸ்பீக்கருக்கு முன்னால் நீட்டினால், ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், பெருத்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், கடைசியில் ஊளையாக முடியும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்றாலே பாதி சரியாகிவிடும். ஆனால் கலர் விளக்கு முகத்தில் விழுந்தால்தான் ரீல்ஸ் எடுப்பாக வருகிறதாம். எனவே அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் அங்கேயே போய் நிற்கிறார்கள்.

பின்னணி இசை ட்ராக்குகள் எல்லாம் இணையத்தில் ஓசியில் கிடைப்பவை. உருக்கமான புல்லாங்குழல் முடிந்து சரணம் எடுக்க வேண்டிய இடத்தில் தனிநபர் கடன் விளம்பரம் வந்துவிடும். 'ஐந்தே நிமிடத்தில் ஐந்து லட்சம்' என்று ஒரு பெண் குரல், எக்கோ தடவாமல், அட்சரம் பிசகாமல். பல இரவுகளில் கிளப் ஹவுஸிலிருந்து எனக்குத் தெளிவாகக் காதில் விழுந்த குரல் அந்த அம்மாவுடையதுதான். வரிகளும் ஆங்கில எழுத்தில்தான் ஓடுகின்றன. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அது யார் குற்றம் என்று ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. திரையில் பள்ளியும் பல்லியும் ஒரே எழுத்தில் வந்தால் பிள்ளை பாவம் என்ன செய்யும்? பள்ளிக்கூட வழியில் பார்த்த காதலியைப் பல்லியின் வழியில் நிறுத்திவைத்துவிட்டுப் போகிறது.

இன்னொரு கோளாறு உங்களில் யாருக்கும் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். லேப்டாப்பிலிருந்து படம் கம்பி வழியாக டிவிக்குப் போகிறது. சத்தம் மட்டும் ப்ளூடூத்தில் ஸ்பீக்கருக்கு வருகிறது. ப்ளூடூத்தில் சத்தம் பொட்டலம் கட்டி அனுப்பப்பட்டு, இந்தப் பக்கம் பிரிக்கப்பட்டு, அப்புறம்தான் ஒலிக்கும். சாதாரண ஸ்பீக்கர்களில் இதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூடத் தாமதம் ஆகலாம். படம் பார்க்கும்போது இது பெரிதாகத் தெரியாது. பாடும்போது கழுத்தை அறுக்கும். திரையில் எழுத்து நிறம் மாறுவதைப் பார்த்துப் பாடுகிறவர் தாளத்துக்கு முன்னால் ஓடுகிறார், காதால் கேட்டுப் பாடுகிறவர் எழுத்தை விட்டுவிடுகிறார். டூயட்டில் கேட்கவே வேண்டாம். கணவர் எழுத்தைப் பார்க்கிறார், மனைவி தாளத்தைக் கேட்கிறார். பாட்டு முடிந்ததும் 'நீங்கதான் அவசரப்பட்டீங்க', 'நீதான் இழுத்தே' என்று மேடையிலேயே ஆரம்பித்து, லிஃப்ட் வரை போய், சில வீடுகளில் ஞாயிறு இட்லி வரை நீடிக்கிறது. அதே எஸ்.பி. ரோட்டில் சத்தத்தையும் கம்பி வழியாகவே அனுப்புகிற ஒரு 3.5 மில்லிமீட்டர் ஆக்ஸ் கேபிள் வாங்கிச் செருகினால் தீர்கிற தகராறு இது.

இவை எல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. எனக்கு உண்மையில் ஆத்திரம் வந்தது சி பிளாக் தாத்தா விஷயத்தில்.

தபால் துறையில் இருந்து ஓய்வுபெற்று, மகனோடு இருக்கிறாரே, அவர்தான். ஸ்பீக்கர் வருவதற்கு முன்பு புல்வெளியில் நாம் உட்கார்ந்து பாடிய நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மைக் கிடையாது. ஏ பிளாக் தம்பி தன் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாத்தா எழுந்தால், 'தம்பி, ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிக்கோ' என்பார். அவன் சுருதியை இறக்க ஒரு பொத்தானை இரண்டு தட்டு தட்டுவான். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். மூச்சு வாங்குகிற இடத்தில் அவன் நிறுத்திக் காத்திருப்பான். அடுத்த அடி அவர் எடுத்த பிறகுதான் இவன் கை அசையும்.

போன மாதம் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து ஆரஞ்சு மைக்கைக் கொடுத்தீர்கள். ட்ராக், சினிமாவில் பாடியவர் பாடிய அதே சுருதியில் வந்தது. அந்தப் பாடகருக்கு அப்போது இளம் தொண்டை. தாத்தாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பல்லவியை எப்படியோ ஏறிவிட்டார். சரணத்தில் குரல் பிளந்தது. 'கொஞ்சம் இறக்க முடியுமா' என்று அவர் திரும்பிக் கேட்டதை எக்கோ நாலு தடவை சொன்னது. முன்வரிசையில் இரண்டு பொடியன்கள் சிரித்தார்கள். ட்ராக் யாருக்காகவும் நிற்கவில்லை. 'மாத்திரை போடுற நேரமாச்சு' என்று மைக்கை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு வரவில்லை. சுருதியை இறக்குகிற வசதி அந்த லேப்டாப்பில் நீங்கள் வைத்திருக்கிற செயலியிலேயே இருக்கிறது. அதைத் தட்டத் தெரிந்த ஒரே ஆளான கீபோர்டுத் தம்பியை, கதவுப் பக்கம் நின்று லைட் ஆன் ஆஃப் செய்யும் வேலைக்குப் போட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கருவி எப்படிப் பிறந்தது என்று அன்று இரவு தேடிப் படித்தேன். (தூங்க வழியில்லை, வேறு என்ன செய்ய?) ஜப்பானில் கோபே நகரத்து மதுக்கடைகளில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் டைசுகே இனோவே. அவருடைய வாடிக்கையாளரான ஒரு கம்பெனி முதலாளிக்குப் பாட ஆசை, ஆனால் இனோவே வாசித்தால்தான் பாட வரும். அந்த மனிதரின் குரல் எங்கே ஏறும், எங்கே தடுக்கும் என்று இனோவேவுக்கு அத்துப்படி. வெளியூர்ப் பயணம் ஒன்றுக்குக் கூட வரச் சொன்னபோது இவரால் போக முடியவில்லை. அதனால் அவருக்கு ஏற்றபடி வாசித்துப் பதிவுசெய்து டேப்பைக் கொடுத்தனுப்பினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1971இல் அவர் செய்த கரோக்கே பெட்டி. அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. அவருக்கும் முன்பே, 1967இல், ஷிகெயிச்சி நெகிஷி என்கிற டோக்கியோ பொறியாளர் இதே போன்ற பெட்டி ஒன்றைச் செய்திருக்கிறார். அவர் தானாகப் பாடிக்கொண்டு வேலைக்கு வருவதை ஒரு சக ஊழியர் கிண்டல் செய்ததுதான் தொடக்கமாம். 2024 ஜனவரியில், நூறு வயதில் காலமானார். யாரையாவது கிண்டல் செய்வதற்கு முன் நாம் எல்லாரும் இதை யோசிக்க வேண்டும். பின்விளைவு உலகத்துக்கே வந்து சேர்கிறது.

பாட வராத ஒரு மனிதருக்காகச் சுருதியையும் வேகத்தையும் வளைத்துக் கொடுக்கத்தான் இது ஆரம்பித்தது என்பதைக் கவனியுங்கள். நம் கிளப் ஹவுஸில் பெட்டி வளைவதில்லை, எழுபது வயதுத் தொண்டை வளைய வேண்டியிருக்கிறது. இனோவேவுக்கு 2004இல் அமைதிக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். அது சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்கும் கண்டுபிடிப்புகளுக்கும் தரப்படும் கிண்டல் பரிசு. மனிதர்கள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளக் கற்றுக்கொள்ள முற்றிலும் புதிய வழியைக் கண்டுபிடித்தார் என்று பாராட்டினார்களாம். பரிசு கொடுத்தவர்கள் யாரும் பி பிளாக் முதல் மாடியில் குடியிருக்கவில்லை.

சட்டத்துக்கு வருவோம். ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்றால் 10 மணியிலிருந்து காலை 6 வரை. அந்த நேரத்தில் ஒலிபெருக்கி கூடாது. 'மூடிய அரங்குக்கு விலக்கு உண்டே' என்று செயலாளர் சார் முன்பு ஒருமுறை சொன்னார். உண்டு. சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களில், உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்பதற்காக மட்டும். ஏசி பத்தவில்லை என்று நீங்கள் கண்ணாடிக் கதவை இரண்டு பக்கமும் தள்ளித் திறந்துவைத்தால் அது மூடிய அரங்கு இல்லை, திறந்தவெளிக் கச்சேரி. தனியார் ஒலிக் கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில், பகுதிக்கு உரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. என் ஜன்னலில் போனை வைத்து அளந்தால் முள் 70ஐத் தாண்டி ஆடுகிறது. போன் செயலி துல்லியமான கருவி இல்லைதான். ஆனால் ஜன்னல் கண்ணாடி அதிர்வதற்குச் செயலி தேவையில்லை.

உங்கள் இரண்டாவது ஸ்பீக்கர் பற்றியும் ஒரு கணக்கு. அதே அளவு இன்னொரு ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் சத்தம் இரட்டிப்பாகக் கேட்காது. ஒலியின் ஆற்றல் இரட்டிப்பானாலும் டெசிபலில் ஏறத்தாழ 3தான் கூடும். காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றவே 10 டெசிபல் போலக் கூட வேண்டும். ஆக, வீட்டுக்கு 500 ரூபாய் வசூலித்து நீங்கள் வாங்கப்போவது 3 டெசிபல். என் தூக்கத்துக்கு அது கெடுதல் என்பது இருக்கட்டும், உங்கள் பாட்டுக்கே அதில் பெரிய லாபம் இல்லை.

கீழ்வீட்டுக் கன்னட அம்மா ஒவ்வொரு சங்கராந்திக்கும் எள்ளு-பெல்லாவும் சர்க்கரை அச்சும் தட்டில் வைத்துக்கொண்டு நம் வீடுகளுக்கு வருகிறவர். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல வார்த்தை பேசுங்கள் என்று சொல்லிக் கொடுப்பது அவர்கள் வழக்கம். போன வாரம் அவர் படியில் என்னைப் பார்த்து, 'சவுண்ட் ஸ்வல்ப கம்மி மாடி' என்றார், சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று. அவருக்கு நம் பதில் என்ன தெரியுமா? உங்களில் ஒருவர் செக்யூரிட்டி மூலமாகச் சொல்லி அனுப்பியது: 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', அதாவது கொஞ்சம் அனுசரித்துப் போங்கள். இந்த ஊரில் அதை நம்மிடம் அவர்கள் சொன்னால் அது பெருந்தன்மை. அவர்களிடம் நாம் சொன்னால் அதற்கு வேறு பெயர். தமிழ்க் குடும்பங்கள் என்று பேனர் கட்டிக்கொண்டு செய்கிற காரியம் என்பதால், அங்கே பாடாத தமிழர்களுக்கும் இதில் பங்கு வந்துவிடுகிறது.

ஒரு சனிக்கிழமை கீழே வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் பாடுகிறார். மற்றவர்கள் எல்லாம் குனிந்த தலை நிமிராமல் அடுத்துத் தாங்கள் பாட வேண்டிய பாட்டைப் போனில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருவர் ஒற்றைக் காதில் இயர்போன் செருகி வாய்க்குள் ஒத்திகை பார்க்கிறார்கள். பாட்டு முடிந்தது இசை நின்றதில் தெரிந்து, தலை நிமிராமலே கை தட்டுகிறார்கள். பாடியவர் மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து, தானும் குனிந்து, தன் பாட்டின் வீடியோவைக் கேட்கிறார். அந்த அறையில் யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்பவர்கள் எல்லாம் மேலே இருக்கிறோம். நான், கைக்குழந்தையை மூன்றாம் தடவையாகத் தூங்கவைக்கும் பக்கத்து வீட்டுப் பெண், விடியற்காலை ஷிஃப்டுக்கு எழ வேண்டிய எதிர்வீட்டு நர்ஸ். டிக்கெட் எடுக்காத, எழுந்து போகவும் முடியாத ரசிகர்கள் நாங்கள். புல்வெளியில் தாத்தா பாடியபோது சத்தம் இருபது அடிக்கு மேல் போகாது, ஆனால் அந்த இருபது அடிக்குள் இருந்தவர்கள் அனைவரும் கேட்டார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். முதலில் குழுவில் எல்லாரும் எழுதும்படி பூட்டைத் திறந்துவிட்டு, சனிக்கிழமைதோறும் வேண்டுமா, மாதம் ஒன்று போதுமா என்று வாக்கெடுப்பு வையுங்கள். கூட்டம் வாரவாரம் வேண்டும் என்றால் தலைவணங்குகிறேன். ஆனால் எது முடிவானாலும் இரவு 9.30க்கு ஸ்பீக்கரை அணைத்துவிட வேண்டும், பாட்டு நடக்கும்போது கண்ணாடிக் கதவு மூடியிருக்க வேண்டும், ஸ்பீக்கரின் முகம் பி பிளாக்கைப் பார்க்காமல் உள்சுவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு ஆக்ஸ் கேபிள் வாங்குங்கள். குடும்ப அமைதிக்காகவாவது. எக்கோ குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கி, அங்கேயே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பச்சை மைக்குக்கு டேப் வாங்க வேண்டாம்.

பொங்கல் மாலையில் கும்மியையும் கோலாட்டத்தையும் பிள்ளைகள் பாட்டையும் பழையபடி முதலில் வையுங்கள். ஒத்திகைக்காக அந்தப் பெண்கள் நவம்பரிலிருந்து மொட்டை மாடியில் கொசுக்கடி வாங்கியிருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நிகழ்ச்சியைத் தூக்கியதற்கு நேரில் போய்ப் பேச வேண்டும், குழுவில் கைகூப்பும் படம் போட்டால் போதாது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கரோக்கே வைத்துக்கொள்ளுங்கள். வரிகள் தமிழ் எழுத்திலும் ஓடுகிற ட்ராக்குகளாகத் தேடி எடுங்கள், கிடைக்கின்றன. கீழ்வீட்டு அம்மாவையும் மேடைக்கு அழையுங்கள். அவருக்குத் தெரிந்த கன்னடப் பாட்டுகளில் பாதி மெட்டு நமக்கும் தெரிந்ததுதான்.

கீபோர்டுத் தம்பியை லைட் ஸ்விட்சிலிருந்து விடுவித்து லேப்டாப் பக்கம் உட்காரவையுங்கள். யார் பாட வந்தாலும் எத்தனை கட்டை என்று முதலில் கேட்கட்டும், அப்புறம் ட்ராக்கைப் போடட்டும். உங்களில் இருவர் சி பிளாக்குக்குப் போய், தாத்தாவை நேரில் அழையுங்கள். அவர் ட்ராக் வேண்டாம் என்றால் அந்தப் பாட்டுக்கு மட்டும் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத் தம்பியை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு பொடியன்களின் அப்பா அம்மா யார் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக வசூல். இரண்டாவது ஸ்பீக்கருக்கு என் வீட்டிலிருந்து 500 ரூபாய் வராது. கண்ணாடிக் கதவு இடுக்குக்கு ரப்பர் பட்டை போட்டு, ஏசியை சர்வீஸ் செய்ய என்றால் 1000 ரூபாய் தருகிறேன். ரசீது மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
பி பிளாக், முதல் மாடி, ஜன்னல்காரர்